இருபது நிமிடச் சீட்டு

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஓடம் என்று பொருள்.
ஆறுகளை எப்போதோ தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள்.
வூச் நகரில் இப்போது மிதப்பது டிராம் மட்டும்தான்.
அந்த ஏப்ரலில் அதுவும்
ஓட்டுநர் ஒருவரைச் சுமந்துகொண்டு
யாருக்கோ கணக்குக் காட்டுவதுபோல் போய்வந்தது.

எதிர்க் கதவு போக்னா
ஐந்து மாடிச் சுவர்களில் வரைகிறவள்.
கிரேன் கூண்டில் நின்று
ஒரு கொக்கின் கண்ணுக்கே
இரண்டு வாளி கறுப்பைத் தீர்த்துவிடுவாள்.
கூண்டுக்குப் பூட்டு. சுவர்கள் தெருவிலேயே நின்றன.
வீட்டில் அவளுக்கு வாய்த்தது
சமையல் மேசையில் ஒரு முழம்,
அக்கா மகன் விட்டுப்போன பள்ளிக்கூட வண்ணப்பெட்டி,
குளிர்கோட்டுப் பைகளில் நாலு வருடமாய்ச் சேர்ந்த
டிராம் சீட்டுகள்.

விரல் நீளம், இரண்டு விரல் அகலம்.
முன்பக்கம் அச்சு: இருபது நிமிடம் செல்லும்.
இயந்திரம் அடித்த ஊதா எண்கள்
பின்பக்கம் வரை ஊறியிருக்கும்.
அவள் அவற்றை மறைக்கவில்லை.
ஏழில் ஒரு துவாலையை மாட்டினாள்.
பூஜ்யத்தைக் கெண்டியின் மூடியாக்கினாள்.

நான் ஐந்தேகாலுக்கு டியூட்டிக்குக் கிளம்புவேன்.
கதவிடுக்கில் ஒரு சீட்டு செருகியிருக்கும்.
ஒரு நாள் கெண்டி.
ஒரு நாள் பாதி உரித்த உருளைக்கிழங்கு.
ஒரு நாள் கீழ்வீட்டு நாயின் பின்பக்கம்,
அதை மட்டும் எங்கும் கொண்டுபோகவில்லை,
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

எனக்கு ஓவியம் தெரியாது.
கவிழ்த்துப் படுக்கவைத்த மனிதரைத் தெரியும்.
ஒரு கன்னம் தலையணையில் புதைய
ஒற்றைக் கண்ணுக்குக் கிடைப்பது
கட்டில் கம்பியும் ஒரு சாண் காற்றும்.
ஐந்து மாடிக் கொக்கு அங்கே நுழையாது.
சீட்டை அந்தக் கம்பியில் பிளாஸ்திரியால் ஒட்டுவேன்.

உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது.
கட்டில் காலியானதும்,
எப்படிக் காலியானாலும்,
எல்லாம் சிவப்புப் பைக்கு. பை நெருப்புக்கு.

சாயங்காலம் படிக்கட்டில்
முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்பாள்: பத்திரமா?
பத்திரம் என்பேன்.
அறுபத்து மூன்று தடவை சொன்னேன்.

ஜூனில் க்தான்ஸ்க் காட்சிக்கூடத்திலிருந்து
யாரோ அவளை அழைத்தார்களாம்.
எல்லாச் சீட்டும் வேண்டுமாம், சட்டம் போட்டு, வரிசையாய்.
இரண்டு மீட்டரை மறந்து என் வாசலுக்கே வந்தாள்.
நான் நாயைக் காட்டினேன்.
பிறகு சிவப்புப் பையைச் சொன்னேன்.

செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டாள்.
அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
எது யாருக்கு? என்றாள்.

கெண்டி, நான்காம் கட்டில் செவெரினுக்கு.
இரண்டு நாள் பார்த்தார்.
விசிலடிக்குமா என்று உதட்டால் கேட்டார்.
உருளைக்கிழங்கு ஹால்ஷ்காவுக்கு,
பள்ளிக்கூடச் சமையல்காரி.
தோலை இத்தனை தடிமனாயா சீவுவார்கள்,
பாதிக் கிழங்கு வீண் என்று
மூச்சில்லாத மூச்சில் திட்டினாள்.
துவாலை யாருக்கு என்று நினைவில்லை.
பொய் ஒன்று நாக்கு வரை வந்தது.
அறுபத்து நான்காவது. விழுங்கிக்கொண்டேன்.

தடிமனாயா சொன்னாள்? என்று
போக்னா இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள்.
எழுந்து போனாள். அவள் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் எனக்கு விடுமுறை.
பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன்.
கதவிடுக்கில் ஒரு சீட்டு,
இன்னும் ஈரம்.
உருளைக்கிழங்குதான்.
தோல் இந்தத் தடவை மெல்லிசு,
உள்ளே ஊதா எண்
தெரிகிற அளவுக்கு.